நூற்றைம்பது வயது மருந்து யாரிடம் இருக்கிறது?

கேள்வி: "முதுமையைத் தடுக்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். உலகக் கோடீஸ்வரர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு ஏழைகளிடம் மறைக்கிறார்களாம். உண்மையா?"

இல்லை. அப்படி ஒளித்து வைத்த மருந்து எதுவும் கிடையாது. ஆனால் இந்தக் கதையை நம்புகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பது என் தொழில். 2025 செப்டம்பர் 3ஆம் திகதி பெய்ஜிங் இராணுவ அணிவகுப்பில் புட்டினும் சீ ஜின்பிங்கும் நடந்துகொண்டே பேசியது ஒலிவாங்கியில் அகப்பட்டதே, அதற்குப் பிறகு இந்தக் கேள்வி எங்கள் கவுண்டருக்கும் வரத் தொடங்கியது. உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் மனிதன் இளமையாகிக்கொண்டே வாழலாம் என்று ஒருவர் சொல்ல, இந்த நூற்றாண்டிலேயே 150 வயது வரை வாழலாம் என்று கணிக்கிறார்கள் என்றார் மற்றவர். இருவருக்கும் அப்போது வயது 72. வட்ஸ்அப்பில் அதைக் கேட்டவர்கள், "பார்த்தீர்களா, அவர்களிடம் மருந்து இருக்கிறது" என்றார்கள். எனக்கு அது, லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் இரண்டு தாத்தாமார் மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விசாரித்துக்கொள்வது போலத்தான் கேட்டது. மருந்து கையில் இருப்பவன் "கணிக்கிறார்கள்" என்று பேசமாட்டான்.

பணத்தால் வாங்கக்கூடிய இரகசிய மருந்து இருந்திருந்தால் முதலில் வாங்கியிருக்க வேண்டியவர்கள் யார்? அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2011இல் 56 வயதில் போனார். மைக்ரோசொஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான போல் அலன் 2018இல் 65 வயதில் போனார். சாம்சுங் தலைவர் லீ குன்-ஹீயின் குழுமத்துக்குத் தன் பெயரிலேயே பெரிய மருத்துவமனை உண்டு. 2014இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் கிடந்து 2020இல் 78 வயதில் இறந்தார்.

உயிரோடு இருப்பவர்களில் பிரையன் ஜோன்சனை எடுங்கள். தன் கம்பனியை 2013இல் 80 கோடி டொலருக்கு விற்றவர். வயதைக் குறைக்க ஆண்டுக்கு இருபது இலட்சம் டொலர் செலவழிப்பதாகச் சொல்பவர். 2023இல் மகனின் இரத்தத் திரவத்தைத் தன் உடலில் ஏற்றிப் பார்த்தார். பலன் தெரியவில்லை என்று அவரே அறிவித்து நிறுத்தினார். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ரபமைசின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. வயதான எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது என்று 2009இல் ஆய்வு வந்தது. ஜோன்சன் அதையும் சில ஆண்டுகள் விழுங்கினார். தோல் தொற்று, கொழுப்பு, இரத்தச் சீனி என்று தொல்லைகள் வர, 2024இல் கைவிட்டார். எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார். ஒளிப்பது அவருடைய குணமே இல்லை. கொஞ்சமாவது ஒளித்தால் நமக்கு நிம்மதி.

"கம்பனிகள் வாங்கிப் புதைத்துவிடுகின்றன" என்றொரு வாதம் உண்டு. அதற்குப் பொருத்தமாகத் தோன்றும் ஓர் உதாரணத்தை நானே தருகிறேன். சிவப்பு வைனில் உள்ள ரெஸ்வெரட்ரோல் ஆயுளைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் சேர்ட்ரிஸ் என்ற சிறு கம்பனி வளர்ந்தது. கிளாக்சோ ஸ்மித்கிளைன் 2008இல் அதை 72 கோடி டொலர் கொடுத்து வாங்கி, 2013இல் இழுத்து மூடியது. கேட்டால் சதி போலவே இருக்கிறது. நடந்தது என்னவென்றால், எதிர்பார்த்தபடி மனிதரில் வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தால் நாற்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் சாகும்வரை வாடிக்கையாளர். எந்த முதலாளி அப்படிப்பட்ட சரக்கைப் பெட்டியில் பூட்டுவான்? உடல் எடையைக் குறைக்கும் ஓர் ஊசியை வைத்தே 2023இல் நோவோ நோர்டிஸ்க் ஐரோப்பாவின் மிகப் பெறுமதியான கம்பனியானது.

இனி, இந்தக் கதைக்குள் இருக்கும் உண்மைக்கு வருகிறேன்.

மெட்ஃபோர்மின் என்ற மாத்திரை தெரியாத குடும்பம் மலையகத்தில் குறைவு. சீனி வருத்தத்துக்கு 1950களிலிருந்து உலகில் பாவனையில் இருக்கும் மலிவு மருந்து. முதுமையோடு வரும் நோய்களை இது தள்ளிப்போடுமா என்று பார்க்க, 65 முதல் 79 வயதுவரையான 3,000 பேரை வைத்துப் பெரிய சோதனை ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் திட்டமிட்டார்கள். 2015இலேயே அங்குள்ள மருந்து நிர்வாகத்துடன் பேசிவிட்டார்கள். பத்தாண்டு கடந்தும் அதற்கு வேண்டிய பணம் முழுமையாகச் சேரவில்லை. காப்புரிமை முடிந்த மருந்தில் இலாபம் இல்லை, ஆகவே போடுவதற்கு ஆள் இல்லை. அதேவேளை அல்டோஸ் லாப்ஸ் என்ற புதிய ஆய்வுக் கம்பனி 2022இல் 300 கோடி டொலருடன் தொடங்கியது. மெட்ஃபோர்மின் அதிசய மருந்து என்று நான் சொல்லவரவில்லை. எலிகளில் அதைத் தனியாகக் கொடுத்தபோது ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் எதைச் சோதிப்பது என்பதை இலாபம் தீர்மானிக்கிறது, அதுவும் பட்டப்பகலில். சதிக்கு அவசியமே இல்லை.

அந்த மாத்திரை எங்கள் பக்கம் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா எங்கள் கடைக்கு வழமையாக வருவார். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார், மழை பட்டால் மை கரைந்துவிடும் என்று. கிளினிக் நாளில் விடியுமுன் பஸ் ஏறினால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் எடுத்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர். கிளினிக்கில் மாத்திரை தட்டுப்பாடான மாதங்களில் எங்களிடம் பத்துப் பத்தாக வாங்குவார். ஒரு நாள் தன் காலைக் காட்டினார். அட்டை கடித்த இடம் வாரக்கணக்காக ஆறாமல் ஈரமாகவே இருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டே, "அக்கா, சீனி இல்லாத பணக்காரர்கள்கூட நூறு வயது வாழ்வதற்காக இதே மாத்திரையை விழுங்குகிறார்கள்" என்றேன்.

"நூறு வயதுவரை கொழுந்து எடுக்கவா, தம்பி?" என்றார்.

பணக்காரர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது வதந்தி கிடையாது. அமெரிக்க வரிப் பதிவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வின்படி, வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீத ஆண்கள் அடித்தட்டு ஒரு சதவீத ஆண்களைவிட 14.6 ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள். பெண்களில் 10.1 ஆண்டுகள். கிட்டத்தட்டப் பதினைந்து ஆண்டு ஆயுள், எந்த இரகசிய ஊசியும் இல்லாமல்! ஹெப்படைட்டிஸ் சி நோயைக் குணப்படுத்தும் மாத்திரை 2013இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது ஒன்று ஆயிரம் டொலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர். யாரும் மறைக்கவில்லை. விளம்பரம் செய்தே விற்றார்கள்.

எங்கள் மலைகளுக்கே சொந்தமான கதை ஒன்றும் உண்டு. அக்காலத்தின் மிகப் பெரிய பணக்காரரான ஜோன் டி. ரொக்ஃபெல்லர் 1937இல் 97 வயதில் இறந்தார். பெனிசிலின்கூட பாவனைக்கு வராத காலம். அவர் நிறுவிய அறக்கட்டளை 1916 அளவில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கும் புழு அது. மருந்து கொடுத்தார்கள், புழுவும் விழுந்தது. ஆனால் லயங்களுக்குக் கழிவறை வேண்டும் என்றபோது செலவைப் பார்த்துத் தோட்டத் துரைமார் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். புழு திரும்பி வந்தது. மருந்து இருந்தது, அதன் பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிடைக்காதது குழியும் நான்கு சுவரும்.

சதிக் கதைமேல் எனக்குள்ள கோபம் இங்கேதான். "எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்று நம்பத் தொடங்கியவரிடம், "இதோ கசிந்துவிட்டது" என்று ஒருவர் போத்தலோடு வந்து நிற்பார். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி மருந்து என்று ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது. இப்போது வருவது இளமை மாத்திரை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று தோட்டம் தோட்டமாகப் போகிறார்கள். அரைமாதச் சம்பளத்தை அதில் போட்டுவிட்டு, பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரஷர் மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரலாம். அதற்கு நூற்றைம்பது வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர் எந்த ஊர் என்று தெரியாது. வீட்டில் யாராவது அப்படியொரு போத்தலை வாங்கி வைத்திருந்தால், லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கிளினிக் மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.