ஆராய்ச்சியில் பெரிதாகச் சறுக்கிய விஞ்ஞானி யாராவது அதே துறையில் மறுபடி சாதித்ததுண்டா?

ஆண்ட்ரூ ஷாலி. நோபல் வாங்கியவரைப் போய்ச் சறுக்கியவர் என்கிறானே என்று தோன்றினால், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியவந்தது பெரியப்பாவால். புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பில் ஊசி போட்டுக்கொள்கிறார். பெட்டியில் 'டிரிப்டோரெலின் 11.25 மி.கி.' என்று இருக்கும். முதல் ஊசிக்கு முன்னால் சில நாட்கள் ஒரு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "இந்த ஊசி ஆண் ஹார்மோனை முதலில் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும், அதற்குத்தான் தடுப்பு" என்றார் டாக்டர். ஏற்றிவிட்டு இறக்குவதா? அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியதில் ஷாலி கிடைத்தார்.

1926-இல் வில்னியஸில், அன்றைய போலந்தில் பிறந்தவர். போரில் ஊரை விட்டு ஓடி ருமேனியா, பிரிட்டன், கனடா என்று சுற்றி, 1962-இல் நியூ ஆர்லியன்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஆய்வகம் அமைத்தார். மூளைக்கு அடியில் இருந்து பல ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போடுவது யார்? இதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி. அதற்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதிதான் என்று சந்தேகம். ஆனால் அதிலிருந்து வரும் உத்தரவுப் பொருள் இம்மியளவுதான். அதனால் இறைச்சிக் கூடங்களிலிருந்து பன்றி மூளைத் துண்டுகளை லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார். முன்பு ஹூஸ்டனில் அவருடன் வேலை பார்த்த ரோஜர் கியமென், இருவரும் பிரிந்த பிறகு, ஆட்டு மூளையை அரைத்தார். இருவருக்கும் பல வருடம் ஜென்மப் பகை.

1971-இல் ஷாலி இரண்டு விஷயங்களை வெளியிட்டார். ஒன்று, சுமார் 1,60,000 பன்றிகளின் ஹைபோதலாமஸிலிருந்து பிரித்த எல்.எச்.ஆர்.எச். பத்து அமினோ அமிலம் கொண்ட இது இனப்பெருக்க ஹார்மோன்களுக்கு உத்தரவு போடுவது. இன்னொன்று, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைப்பது. அதுவும் பத்து அமினோ அமிலம்தான். முதலாவது சரி. இரண்டாவது பன்றி ஹீமோகுளோபினின் ஒரு துண்டு! இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் மூளையில் ரத்தம் ஒட்டியிருக்காதா என்ன.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நான் இரண்டு வாரம் துரத்திய புரதப் பட்டை கடைசியில் கெரட்டின் என்று தெரிந்தது. என் தோலிலிருந்தே உதிர்ந்தது. கையுறை மாற்றாத சோம்பேறித்தனம். எனக்கு கைடிடம் நாலு திட்டு, அவ்வளவுதான். அவருக்கோ உலகமே பார்த்தது.

சரியாக வந்த எல்.எச்.ஆர்.எச். உள்ளிட்ட மூளை ஹார்மோன் கண்டுபிடிப்புகளுக்குத்தான் 1977-இல் நோபல், அதுவும் கியமெனுடன் பகிர்ந்து (ரோசலின் யாலோவுக்கு மற்றொரு பாதி). உடம்பில் இந்த ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் வரும். வீரியமான நகல் ஒன்றை இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி முதலில் துள்ளும், பிறகு காதே கேட்காததுபோல் இருந்துவிடும். ஆண் ஹார்மோன் படுத்துவிடும். விதைகளை அகற்றினால் புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டியிருந்தார். ஷாலியின் நகல் அதே வேலையைக் கத்தியில்லாமல் செய்தது. ஆறாவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிய அந்த நகல்தான் டிரிப்டோரெலின். பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சுத்த சைவரான அவர் "பன்னியா?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். இல்லை பெரியப்பா, இப்போது எல்லாம் ரசாயனத்தில் செய்வது என்று சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

சரி, அந்தத் தவறிப்போன ஹார்மோன்? 1982-இல் அசல் பொருள் கிடைத்தது. கிடைத்த இடம் மூளை அல்ல, மனிதக் கணையத்தில் வளர்ந்த கட்டிகள். அந்த நோயாளிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரந்து கைகால் பெருத்திருந்தது. கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று கியமெனுடையது. ஷாலிக்கு வயிறு எரிந்திருக்கும்.

ஆனால் ஷாலி அதைக் கைவிடவில்லை, தலைகீழாக எடுத்துக்கொண்டார். அந்த ஹார்மோனைத் தடுக்கும் போலிகளைத் தயாரித்தார். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் கல்லீரலிலிருந்து வரும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறையும், அது பல புற்றணுக்களுக்குத் தீனி. அதோடு சில கட்டிகள் அந்த உத்தரவுப் பொருளைத் தாங்களே சுரந்து, தாங்களே கேட்டுக்கொண்டு வளர்கின்றன. அதையும் இந்தப் போலிகள் மறிக்கும். 2005-இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது அவருக்கு 78 வயது. மயாமிக்குப் போய் மறுபடி ஆய்வகம் போட்டார். என் கணக்கில் இதுதான் நோபலைவிடப் பெரிய விஷயம்.

2024 பிப்ரவரியில் கியமென் நூறு வயதில் காலமானார், அக்டோபரில் ஷாலி 97 வயதில். அந்தப் போலிகள் எலிகளில் வளர்க்கப்பட்ட மனிதக் கட்டிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தியிருக்கின்றன. புற்றுநோய்க்கான மருந்தாகக் கடைக்கு இன்னும் வரவில்லை.