படிப்பாரில்லை என்று யார் எண்ணினார்கள்?

கேள்வி: பழைய ஆய்விதழ்களின் அச்சுத் தொகுதிகளை நூலகங்கள் கழிக்கின்றன. யாரும் படிப்பதில்லை, இடமில்லை, எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்கிறார்கள். நியாயம்தானே?

பதில்: யாரும் படிப்பதில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பல நூலகங்களில் ஆய்விதழ்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து புரட்டிவிட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அப்படிப் படித்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இரவல் கிடையாது என்று விதி போட்டவர்களே பிற்பாடு இரவல் கணக்கைப் பார்த்துப் 'பயன்பாடு இல்லை' என்று எழுதுவது பெரிய அநியாயம். மேஜையில் கிடப்பவற்றைத் திரும்ப அடுக்குமுன் எண்ணிக் குறித்துக்கொள்ளும் நூலகங்களும் உண்டு. மற்றவர்களும் அதைச் செய்யலாமே.

இடமில்லை என்பது உண்மைதான். பழைய ஆய்விதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் தரும் ஜேஸ்டோர் 1995-இல் தொடங்கியதே அந்த நெருக்கடிக்காகத்தான். ஆனால் இணையச் சந்தா நின்றுபோனால், நிரந்தர உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலொழிய, பழைய இதழ்களும் சேர்ந்து போய்விடும். அலமாரியில் உள்ள தொகுதியைப் பதிப்பகம் வந்து திரும்பக் கேட்க முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் இணைய நூற்பட்டியலே சில மாதங்கள் முடங்கிக் கிடந்தது.

அப்புறம் என் பழைய சண்டை ஒன்று: பைண்டிங். ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிவது நெடுநாள் வழக்கம். அட்டையில்தான் பல இதழ்கள் விலையையும் ஆசிரியர் குழுவையும் அச்சிட்டன. எந்தக் கருவி, எந்த மருந்து அன்றைக்கு விற்பனையில் இருந்தது என்பதை விளம்பரம்தான் காட்டும். இப்படி மொட்டையடித்த தொகுதியை ஸ்கேன் செய்தால் இணையத்திலும் மொட்டைதான் கிடைக்கும். பைண்டிங்குக்குப் போகாமல் தப்பிய உதிரி இதழ்தான் முழுப் பிரதி. அதையும் 'உபரி' என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, கழித்தே ஆகவேண்டுமா? முதலில் மற்ற நூலகங்களைக் கேட்கட்டும். முழு வரிசை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, ஒரு நூலகமாவது அதை வைத்துக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கழிக்கட்டும். 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் திட்டம் மின்னிதழ்களைக்கூடப் பல நூலகங்களில் தனித்தனிப் பிரதிகளாக வைக்கிறது. காகித இதழ்களையோ, 'பக்கத்து நூலகத்தில் இருக்கும்' என்ற நம்பிக்கையோடு விட்டுவிடுகிறார்கள். பக்கத்து நூலகமும் அதே நம்பிக்கையில் கழித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் நூலகத்தில் கழிவுப் பட்டியல் வந்தால் இறுதி நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.