ரோமை எடைபோட்ட கிரேக்கர்: பாலிபியஸ் பற்றி வாசகர் கேள்விகள்

ரோம் வல்லரசானதை நூலாக எழுதிய கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாலிபியஸ் அடிக்கடி சொல்லும் அந்த ‘53 ஆண்டுகள்’ எவை?

கி.மு. 220 முதல் 168 முடிய. வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமோடு நடத்திய போருக்குச் சற்று முன் தொடங்கி, மக்கெதோனிய அரசு பிட்னா போரில் ரோமரிடம் விழுந்ததோடு முடிகிறது. அதற்குள் அன்று அறிந்த உலகம் ஏறக்குறைய முழுவதும் ரோமின் கைக்கு வந்தது எப்படி, எந்த ஆட்சிமுறையால் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. முதல் இரண்டு புத்தகங்கள் 264-லிருந்து வரும் முன்கதை.

சீசர் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டை வென்றதை அவர் எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்?

எதிலும் இல்லை. சீசர் பிறந்தது கி.மு. 100-இல். பாலிபியஸ் இறந்து அதற்குள் சுமார் 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. கேள்வியை அனுப்புமுன் ஆண்டுகளை ஒருமுறை சரிபாருங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? கால் மக்களோடு ரோமர் நடத்திய பழைய போர்கள் வேண்டுமென்றால் 2-ஆம் புத்தகத்தில் இருக்கின்றன. 225-இல் நடந்த தெலமோன் போர் அங்கே விரிவாக வருகிறது.

மொத்தம் எத்தனை புத்தகங்கள்? எல்லாம் கிடைக்கின்றனவா?

எழுதியது 40. முழுதாக வந்து சேர்ந்தவை முதல் 5. ஆறாவதில் பெரும்பகுதி இருக்கிறது. மற்றவையெல்லாம் பிற்காலத்தார் தமக்கு வேண்டியதை வெட்டி எடுத்து வைத்த துண்டுகள். அதனால் வழக்கமாகச் சொல்வதையே இப்போதும் சொல்கிறேன்: மேற்கோள் காட்டும்போது எந்தப் புத்தகம், முழுப் புத்தகமா துண்டா என்று பாருங்கள். துண்டில் ஒரு செய்தி இல்லை என்பதால் பாலிபியஸ் அதைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடாது.

ரோமின் வெற்றிக்கு அவர் சொல்லும் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கான்சல்கள் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு தலைவர்கள்), செனட் (மூத்தோர் அவை), மக்கள் என்ற மூன்று தரப்பும் ஒன்றையொன்று தடுத்து, ஆபத்து வந்தால் ஒன்றுசேரும் கலப்பு ஆட்சி. பரீட்சைக்கு இது போதும். ஆனால் 6-ஆம் புத்தகத்தை இதோடு மூடிவிடுகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். மறுபாதி படை முகாம்.

இரவுக் காவல் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு காவல் நிலைக்கும் குறியிட்ட சிறு மரத்துண்டு ஒன்று தரப்படும். இரவில் குதிரைவீரன் ஒருவன் சாட்சிகளோடு சுற்றி வருவான். காவலன் விழித்திருந்தால் அந்தத் துண்டை வாங்கிக்கொள்வான். தூங்கினால் சாட்சிகளிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். விடிந்ததும் துண்டுகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் அதன் குறியை வைத்தே எந்த நிலை, யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். விசாரணை உடனே நடக்கும். குற்றவாளியை அதிகாரி தடியால் லேசாகத் தொடுவார், அவ்வளவுதான். மீதியை முகாமே கல்லாலும் தடியாலும் முடித்துவிடும். யாருடைய நல்ல மனதையும் நம்பியிராத இந்த ஏற்பாட்டில்தான் ரோமின் பலத்தைப் பாலிபியஸ் பார்க்கிறார். கன்னே போரில் ஹன்னிபாலிடம் படையே அழிந்த பிறகும் பிடிபட்ட தம் வீரர்களைப் பணம் கொடுத்து மீட்க செனட் மறுத்தது. அந்தச் செய்தியையும் இதே புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்.

ரோமரின் உப்பைத் தின்றவர், அவர்களுக்கு ஜால்ரா அடித்தவர்தானே? அவரை ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கேட்பவர்களில் பலர் முதல் புத்தகத்தின் முன்னுரையைத் தாண்டவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் அவர் தின்ற உப்பைப் பார்ப்போம். பிட்னா போருக்குப் பின் பாலிபியஸின் நாடான அக்கேயக் கூட்டமைப்பிலிருந்து (கிரேக்க நகரங்களின் கூட்டணி) அவரையும் சேர்த்துச் சுமார் 1,000 பேரை ரோமர் இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. 17 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பும்போது உயிரோடு இருந்தவர்கள் 300 பேர் அளவில். அவர்களை விடுவிக்கும் பேச்சு செனட்டில் இழுத்துக்கொண்டே போனபோது, கிழட்டுக் கிரேக்கர் சிலரை இங்கே புதைப்பதா அங்கே புதைப்பதா என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று ரோமின் மூத்த செனட்டர் கேட்டோ (Cato) சலித்துக்கொண்டார். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் கார்த்தேஜை அழித்த ரோமத் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸின் நட்பு கிடைத்ததால் பாலிபியஸ் மட்டும் ரோம் நகரிலேயே தங்க முடிந்தது. அது சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் சலுகை பெற்ற கைதியும் கைதிதான்.

அடுத்து, அவர் எழுதியதைப் பார்ப்போம். கார்த்தேஜ் தன் கூலிப்படைக் கலகத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் ரோம் சார்டினியாவைப் பறித்துக்கொண்டதே, அதற்கு எந்த நியாயமும் இல்லை என்று 3-ஆம் புத்தகத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதுகிறார். ஹன்னிபால் போருக்கான காரணங்களில் அதைப் பெரியதாகவும் சேர்க்கிறார். ரோமின் நண்பனான நுமிதிய மன்னன் மசினிசாவுக்கும் கார்த்தேஜுக்கும் வந்த எல்லைத் தகராறுகளில் தீர்ப்பு எப்போதும் மசினிசா பக்கமே விழுந்தது; நியாயம் அங்கே இருந்ததால் அல்ல, ரோமுக்கு அது லாபம் என்பதால் என்கிறார். சிராக்யூஸின் சிலைகளையும் ஓவியங்களையும் அள்ளிக்கொண்டு போனது தவறு என்று 9-ஆம் புத்தகத்தில் காரணம் காட்டி வாதிடுகிறார். ஜால்ரா அடிப்பவர் எழுதுகிற எழுத்தா இது?

அலெக்சாந்திரியாவின் வாசலில் நடந்ததைப் படியுங்கள். கி.மு. 168. எகிப்தைப் பிடிக்க வந்த சிரியா மன்னன் அந்தியோகஸ், ரோமின் தூதர் பொப்பிலியஸைக் கண்டு கை நீட்டுகிறான். தூதர் கையைப் பிடிக்காமல் செனட்டின் ஆணையை நீட்டி, முதலில் இதைப் படி என்கிறார். நண்பர்களோடு கலந்து சொல்கிறேன் என்கிறான் மன்னன். தூதர் கையிலிருந்த திராட்சைக் கம்பால் அவனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறி, இதை விட்டு வெளியே வருமுன் பதில் சொல் என்கிறார். மன்னன் பணிந்துவிட்டான். ரோமின் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. அதைச் சொல்லும்போதே, அந்தச் செயல் ஆணவமாகத் தோன்றியது என்ற சொல்லையும் பாலிபியஸ் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக 3-ஆம் புத்தகத்தின் 4-ஆம் அத்தியாயம். வென்றார்கள் என்பதை மட்டும் வைத்து வென்றவரையோ தோற்றவரையோ தீர்மானிக்க முடியாது. வென்ற பிறகு எப்படி ஆண்டார்கள், ஆளப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால்தான் பின்வரும் தலைமுறை புகழவோ பழிக்கவோ முடியும் என்கிறார். அதற்காகத்தான் 168-இல் நிறுத்தியிருக்க வேண்டிய நூலை 146 வரை நீட்டினார். கடைசிப் பத்துப் புத்தகங்களும் அந்த ஒரு கேள்விக்காக எழுதப்பட்டவை. அவற்றைத் தொடாமல் அவரைக் கைக்கூலி என்று எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன, வேறு பக்கம். ஸ்கிப்பியோ குடும்பம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஏத்தோலியர் என்ற மற்றொரு கிரேக்கக் கூட்டணியைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்வதே அரிது, அக்கேயருக்குப் பரம்பரைப் பகைவர்கள். 146-இல் கொரிந்து அழிந்ததற்குக் கிரேக்கத் தலைவர்களின் மீதே அவர் பெரும்பழி போடுகிறார். அங்கேயும் நின்று கேள்வி கேளுங்கள்.

அவர் தரும் எண்ணிக்கைகளை நம்பலாமா?

மற்றவர்களைவிட அதிகமாக. ஹன்னிபால் இத்தாலிக்குள் இறங்கியபோது 20,000 காலாட்கள், 6,000 குதிரைகள் என்பது ஹன்னிபாலே தென் இத்தாலியில் லசினியம் முனையில் வெண்கலத்தில் பொறித்துவைத்த கணக்கு. பாலிபியஸ் நேரில் பார்த்து எடுத்தது. கன்னேயில் செத்தவர் 70,000 என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். பிற்கால ரோம வரலாற்றாசிரியர் லிவியின் எண் 50,000-க்குச் சற்றுக் குறைவு.

ஃபாலாங்ஸ் (மக்கெதோனியரின் நெருக்கமான நீள ஈட்டி அணி) ஏன் லீஜியனிடம் (ரோமப் படைப்பிரிவு) தோற்றது?

18-ஆம் புத்தகம். நேருக்கு நேர் நின்றால் ஒரு ரோம வீரனுக்கு எதிரே 10 ஈட்டிமுனைகள், எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஃபாலாங்ஸுக்குப் பள்ளம் மேடு இல்லாத சமநிலம் வேண்டும். லீஜியன் எங்கும், எந்தப் பக்கம் திரும்பியும் சண்டை போடும்.

ரோம ஆட்சி என்றும் நிலைக்கும் என்று நம்பினாரா?

இல்லை. எல்லா ஆட்சியும் வளர்ந்து தேயும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை, ரோமுக்கும் விலக்குத் தரவில்லை. கார்த்தேஜ் எரிந்தபோது ஸ்கிப்பியோ கண்ணீர் விட்டு, டிராய் விழும் நாள் வரும் என்ற ஹோமரின் வரியைச் சொன்னார். பக்கத்தில் இருந்த பாலிபியஸ் பொருள் கேட்க, தன் நாட்டை நினைத்துத்தான் என்றார்.

புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்குவது?

3-ஆம் புத்தகம். ஆல்ப்ஸ் மலையைத் தானே கடந்து பார்த்துவிட்டு எழுதியது. பிறகு 6, பிறகு 1. துண்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு நிலப்படமும் இருக்கட்டும்.