விடிய விடிய பிங்க் நாய்ஸ் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. வீடு பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வாக்கில் லாரி சத்தத்தில் விழிப்பு வந்தால், அப்புறம் தூக்கமே வருவதில்லை. கணவரின் குறட்டை வேறு. மகள் என் போனில் ‘பிங்க் நாய்ஸ்’ என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். இயர்போனில் கேட்டுக்கொண்டே படுத்தால் ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். அவர் நடுவில் மூச்சு முட்டித் திடுக்கென்று புரள்வதுகூட இப்போது கேட்பதில்லை. இதைத் தினமும் விடிய விடியக் கேட்கலாமா? ஞாபக சக்தி கூடும் என்கிறார்களே, உண்மையா? மகளும் இதைப் போட்டுக்கொண்டுதான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள்.
- வாசகி, திருச்சி

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் காதுக்குள் செருகிக்கொண்டு வேண்டாம், விடிய விடியவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாட்டு கற்றவர்களுக்கு பிங்க் நாய்ஸ் சட்டென்று புரியும். மந்தர ஸ்தாயி, மத்திய ஸ்தாயி, தார ஸ்தாயி, அதாவது கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல் என்று மேலே போகப் போக ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு ஆற்றலைப் பங்கு வைத்த இரைச்சல் அது. ஒயிட் நாய்ஸில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் கீழே உள்ளதைப் போல இரண்டு மடங்கு போய்விடும். அதனால்தான் சேனல் வராத பழைய டிவி மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று காதைக் குத்துகிறது. பிங்க் நாய்ஸில் அதைவிடக் கீழ்ச் சத்தம் தூக்கலாக இருப்பதால், விட்டுவிடாமல் பெய்யும் மழை மாதிரி இருக்கும். ஒளியிலும் இப்படிக் குறைந்த அதிர்வெண் பக்கம், அதாவது சிவப்புப் பக்கம், தூக்கலாக இருந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தூங்குகிற மூளையை உசுப்புவது வெறும் சத்தம் அல்ல, அமைதிக்கு நடுவே திடீரென்று ஏறுகிற சத்தம். சீரான இரைச்சல் ஒன்று அறையில் ஓடிக்கொண்டிருந்தால் தூரத்து லாரி அதற்குள் கரைந்துவிடும். நம் ஊர் மின்விசிறி காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. கரண்ட் போனதும் விழித்துக்கொள்கிறோமே, அதற்குப் புழுக்கம் மட்டும் காரணமில்லை. ஆனால் ஏர்ஹார்னை இந்த இரைச்சலால் மறைக்க முடியாது. மறைக்கிற அளவுக்கு வால்யூமைக் கூட்டினால் அதைவிட இதுதான் பெரிய தொல்லையாகிவிடும்.

ஞாபக சக்தி பேச்சு பெரும்பாலும் 2017இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சுற்றி வருவது. 60 முதல் 84 வயது வரையிலான 13 பேர்தான் அதில் இருந்தார்கள். அவர்கள் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஆழ்ந்த தூக்கத்தில் எழும் மெதுவான மூளை அலைகளைக் கணினி கவனித்தது. அலை ஏறும் நேரம் பார்த்து, கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரத்துக்கு, துளித் துளியாக பிங்க் நாய்ஸை விட்டது. சத்தம் எதுவும் போடாத இரவோடு ஒப்பிட்டால், காலையில் வார்த்தை ஜோடிகளை அவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். தாளம் தெரிந்தவர் சரியான இடத்தில் தட்டுகிற மாதிரியான வேலை அது. உங்கள் போனுக்கு உங்கள் மூளை அலை தெரியாது, அது பாட்டுக்கு அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் பலன் ஒன்றாகிவிடாது.

சொல்லப்போனால், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆரோக்கியமான 25 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரவு முழுக்க 50 டெசிபல் பிங்க் நாய்ஸ் ஒலித்தபோது, கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கம் சுமார் 19 நிமிடம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் டைமர் வையுங்கள் என்று நான் சொல்வதற்கு அது போதும். அரை மணி, முக்கால் மணி ஓடி நின்றால் சரி. யூடியூபில் போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று: மழைக்கு நடுவே ஒரு விளம்பரம் அலறினால், லாரியே தேவலை என்று ஆகிவிடும்.

போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் அறையின் அந்தப் பக்கம் வையுங்கள். அது ஓடும்போது நீங்கள் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இயர்போனோடு தூங்கி எழுந்து, அழுக்கு உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொண்ட காதோடு என்னிடம் வருபவர்கள் நிறைய. வியர்க்கிற ஊரில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும், அரிப்பு தாங்காது.

மகள் விஷயம். இரைச்சலும் கவனமும் பற்றிய 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் ஒரு தொகுப்பு வந்தது. ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. அது இல்லாதவர்களுக்கோ செயல்திறன் சற்றுக் குறையவே செய்தது. பக்கத்து வீட்டு சீரியலை மறைக்க என்றால் போட்டுக்கொள்ளட்டும். அமைதியான வீட்டில் தேவையில்லை. தேர்வு மையத்தில் யாரும் மழை பெய்விக்கப் போவதில்லை, எனவே மாதிரித் தேர்வுகளையாவது இயர்போன் இல்லாமல் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

இரண்டு மணி விழிப்புக்கு வருவோம். லாரி எழுப்பியது சரி, அதன் பிறகு தூக்கம் வராமல் போவதற்கு லாரி காரணமில்லை. மணி பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் படுக்கையே விழித்திருக்கும் இடமாக மூளைக்குப் பழகிவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது போலத் தோன்றினால் எழுந்து, மங்கலான விளக்கில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். கண் சொருகும்போது வந்து படுங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், மதியத் தூக்கத்தை விடுங்கள். உடம்பு திகுதிகுவென்று வியர்த்து விழிப்பு வருகிறது என்றால் உங்கள் வயதில் அது மாதவிடாய் நிற்பதோடு தொடர்புடையதாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

இப்போது அந்த இன்னொரு விஷயம். ‘மூச்சு முட்டித் திடுக்கென்று புரள்வதுகூடக் கேட்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் தூக்கத்தைவிட அவர் தூக்கம்தான் கவலையாக இருக்கிறது. குறட்டை ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று நின்று, பத்து விநாடி, இருபது விநாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது. இப்படி ராத்திரி முழுக்க நடந்தாலும் அவருக்குக் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கி வழிகிறாரா, மாத்திரை போட்டும் பிபி இறங்க அடம்பிடிக்கிறதா, எழுந்ததும் தலைவலி என்கிறாரா, கவனியுங்கள். வண்டி ஓட்டுபவர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

நாலு நாளைக்கு இயர்போனைக் கழற்றிவையுங்கள். அவர் தூங்கும்போது போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள், மூச்சு நிற்பதும் திணறுவதும் பதிவாக வேண்டும். ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் தூங்குறேன்’ என்றுதான் சொல்வார். வீடியோவைக் காட்டி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துப்போங்கள். ஸ்லீப் ஸ்டடி என்று ஓர் இரவுப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்கள்.