வயிற்றில் லேப்ராஸ்கோப்பியா? முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள்

அப்பாவுக்கு வயிற்றில் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?
- வாசகர், திண்டுக்கல்

லேப்ராஸ்கோப்பி என்பது சின்னத் துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு, திரையில் பார்த்துச் செய்யும் முறைதான். என்ன ஆபரேஷன், அப்பாவுக்கு வயது என்ன, சர்க்கரை உண்டா? எதையும் எழுதவில்லை. குடல்வாலை எடுத்தவருக்குச் சொல்வது வேறு, குடலையே வெட்டி இணைத்தவருக்குச் சொல்வது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து முழுசாக எழுதுங்கள். அதுவரை ஆபரேஷன் செய்தவர் சொன்ன சாப்பாடுதான்.

பித்தப்பையை எடுத்த மறுநாள் வலது தோள்பட்டையில் கடுமையான வலி. ஹார்ட்டாக இருக்குமோ?
- வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் வாயு வலிதான். கருவிகள் புழங்க இடம் வேண்டுமென்று வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி உப்ப வைக்கிறோம். மிச்சம் நிற்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியும். எழுந்து நடங்கள், 2, 3 நாளில் போய்விடும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பித்தப்பையை விட்டுவைக்கக் கூடாதா?
- வாசகர், ஓசூர்

கூடாது. கல் விளைந்த பையில் மறுபடியும் விளையும். பித்தம் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கும் இடம்தான்.

பித்தப்பையை எடுக்க 4 துளை போதும் என்றுதான் மனைவியை உள்ளே கொண்டுபோனார்கள். கடைசியில் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தைத்திருக்கிறார்கள். டாக்டருக்குக் கை வரவில்லையா?
- வாசகர், விருதுநகர்

இதே கேள்வியை என் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

பலமுறை வீங்கி அடங்கிய பித்தப்பை பை மாதிரியே இருக்காது. பழந்தோல் போலத் தடித்து, சுற்றியுள்ள கொழுப்போடும் சிறுகுடலோடும் ஒட்டிக்கிடக்கும். நாங்கள் வெட்ட வேண்டியது பையிலிருந்து வரும் சின்னக் குழாயை. அதை ஒட்டியே ஓடுவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பெரிய நாளம். அகலம் சுமார் 6 மி.மீ.தான். ஒட்டிப்போன வயிற்றில் எது எது என்று திரையில் பிரித்துச் சொல்ல முடியாத நேரம் வரும். அப்போது அந்த நாளம் அறுபட்டால் மஞ்சள் காமாலை, இன்னொரு பெரிய ஆபரேஷன், வருஷக்கணக்கில் தொல்லை. அந்த இடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் திறக்கிறவர்தான் நல்ல சர்ஜன். உங்கள் மனைவியின் பித்தநாளத்தைக் காப்பாற்றத்தான் அந்தத் தழும்பு.

"தேவைப்பட்டால் திறப்போம்" என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டாக்டர்களும் அதை வாய்விட்டுச் சொல்லியே வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்குவது தவறுதான்.

அடுத்த வாரம் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், சர்க்கரையும் உண்டு. மாத்திரைகளை நானே நிறுத்திவிடலாமா?
- வாசகர், பல்லாவரம்

நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம், ஆனால் ஸ்டென்ட் இருந்தால் இதய டாக்டர் சொன்ன பிறகுதான். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். மாத்திரைச் சீட்டை மயக்க டாக்டர் கையில் கொடுங்கள். "ரெண்டு வெள்ளை, ஒரு மஞ்சள்" என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. நாட்டு மருந்து, லேகியம் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஹெர்னியாவுக்கு வலை வைத்து 10 நாள் ஆகிறது. தண்ணீர்க் குடம் தூக்கலாமா?
- வாசகி, ராமநாதபுரம்

வேண்டாம். நிறைகுடம் 15 கிலோ இருக்கும். 6 வாரம் வேறு யாராவது தூக்கட்டும். நடப்பதற்குத் தடையில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். ஆறிய தொப்புள் துளையில் சின்னக் கட்டி, தண்ணீராகக் கசிகிறது. மஞ்சள் வைத்தேன், மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிப் போட்டேன். கேட்கவில்லை.
- வாசகர், நாமக்கல்

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஆறிய துளை 3, 4 வாரம் கழித்துக் கசிந்தால், கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காததால் வரும் காசநோய்க் குடும்பக் கிருமியோ என்று நாங்கள் சந்தேகிப்போம். அது சாதாரண ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாது, மாதக்கணக்கில் தனி மருந்து வேண்டும். ஆபரேஷன் செய்தவரிடமே போய், கசிவையும் கொஞ்சம் சதையையும் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.