கிருபைக்கு மார்க் போட முடியுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையில் வாரம் தவறாமல் கிருபையைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் முதல் விசாரிப்பே சாதிதான். பக்தி கூடினால் பாரபட்சம் குறையும் என்று ஆராய்ச்சி ஏதும் சொல்கிறதா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: யாருடைய பக்தி என்பதைப் பொறுத்தது. 1967-ல் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் அமெரிக்காவில் 309 சபையாரின் வினாத்தாள் விடைகளை அலசினார்கள். விசுவாசத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்களைவிட, அந்தஸ்துக்கும் சொந்தபந்தத்துக்கும் சபையைப் பிடித்துக்கொண்டவர்களிடம் இனப் பாரபட்சம் அதிகம் இருந்தது. இருவரையும் மிஞ்சியது மூன்றாவது கூட்டம். மதத்துக்குச் சாதகமாக எதை எழுதிக் கொடுத்தாலும், அது முன் வாக்கியத்துக்கு முரணாக இருந்தாலும், ‘ஆம்’ போட்டவர்கள் இவர்கள்.

1970-களில் டேனியல் பேட்சன் குழு இதில் இன்னொரு ஓட்டையைக் காட்டியது. உண்மையான விசுவாசிகள் தாளில் நல்ல மார்க் வாங்கியதற்கு, நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணம். தாளை விட்டுவிட்டு நடத்தையைப் பார்த்தபோது வித்தியாசம் மங்கிப்போனது.

அதனால் “சாதி பார்ப்பீர்களா?” என்று கேட்பது வீண். எமரி பொகார்டஸ் 1925-லேயே படிக்கட்டு மாதிரி ஒரு அளவுகோல் கொடுத்தார். நம் ஊருக்கு அதை இப்படி மாற்றலாம்: அசனப் பந்தியில் பக்கத்தில் உட்காருவீர்களா, வீட்டை வாடகைக்கு விடுவீர்களா, சபைக் கமிட்டிக்குத் தலைவராக ஓட்டுப் போடுவீர்களா, பெண் கொடுப்பீர்களா? கால் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வுக்காக, கிருபை பற்றிய ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கினேன். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கக் குடும்பங்களிலும், பாறசாலைப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களிடமும் கொடுக்க வேண்டும். முதலில் 12 பேரிடம் கொடுத்துப் பார்த்தால், எல்லோரும் எல்லாவற்றுக்கும் 5-க்கு 5 போட்டிருக்கிறார்கள். எங்கே பிசகியது?
– மாணவி, குழித்துறை

பதில்: அந்தச் சொல்லில்தான். “எப்படி இருக்கீங்க?” என்றால் “கர்த்தருடைய கிருபையால சுகம்” என்று பதில் வருகிற வீட்டில், “கடவுளின் கிருபையால் வாழ்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தால் யார் மறுப்பார்கள்? நீங்கள் அளந்தது பேச்சு வழக்கத்தை. கத்தோலிக்கர்கள் ‘அருள்’ என்பார்கள். அந்தச் சொல்லோ அக்கம்பக்கத்தில் ‘அருள் வந்து ஆடுவதையும்’ குறிக்கும். ஆகவே சொல்லையே எடுத்துவிட்டு அனுபவத்தைக் கேளுங்கள். “நான் தப்பு செய்தால், அதற்கு ஈடாக ஏதாவது செய்த பிறகுதான் கடவுள் என்னை ஏற்றுக்கொள்வார்.” இதற்கு ‘ஆம்’ என்றால் மார்க் குறையும், அதாவது தலைகீழ் மதிப்பெண். இப்படிப் பாதி வாக்கியங்கள் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 5 போடுகிறவர் மாட்டிக்கொள்வார். ஆனால் ‘இல்லை என்று நினைக்கவில்லை’ போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். “ஆமா, இல்லை” என்பார்கள். எதற்கு ஆமா என்று உங்களுக்கே தெரியாது.

மொழிபெயர்ப்புக்கு, ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் விளக்கிய, மூல மொழிக்கே திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் வழியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கட்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பொருள் எங்கே இடறுகிறதோ அங்கே திருத்துங்கள். மலையாளத்துக்கும் இதே வேலைதான். தமிழிலிருந்து மலையாளத்துக்குக் குறுக்கு வழியில் தாவாதீர்கள். பிறகு எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டி, “இதுக்கு என்ன அர்த்தம், உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். பாதிக் குளறுபடி அங்கேயே வெளிவந்துவிடும். ஆல்ஃபா மதிப்பை (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) இரு மொழிக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய 0.70-ஐத் தாண்டினாலும், சராசரிகளை ஒப்பிட அது மட்டும் போதாது. வாக்கியங்கள் இரு மொழியிலும் ஒரேபோல நடக்கின்றனவா என்று வழிகாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள்.

அடையாளத்தைக் கேட்கிறீர்கள் என்றால் அதைத் தாளின் முதல் பக்கத்தில் வையுங்கள். குன், மெக்பார்ட்லண்ட் இருவரும் 1954-ல் உருவாக்கிய முறையில் ‘நான் யார்?’ என்பதற்கு 20 பதில் எழுதச் சொல்வார்கள். கிறிஸ்தவர், தமிழர், குமரிக்காரர், ரப்பர் வெட்டுகிறவர், எது முதலில் வருகிறது என்று தெரியும். மதக் கேள்விகளுக்குப் பின்னால் வைத்தால் அத்தனை பேரும் ‘கிறிஸ்தவர்’ என்றுதான் தொடங்குவார்கள். இன்னொன்று: ஆராதனை முடிந்ததும் போதகர் கையாலோ பங்குத்தந்தை கையாலோ தாளை விநியோகிக்க வேண்டாம். பெயர் கேட்காதீர்கள், ஒட்டிய கவரில் போட்டுப் பெட்டியில் இடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பிற மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் கால்பந்து நடத்தினால் மனசு மாறுமா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: கொஞ்சம் மாறும், எல்லையோடு. ஐ.எஸ். தாக்குதலால் இடம்பெயர்ந்த ஈராக் கிறிஸ்தவர்களிடம் சல்மா மூசா இதையே செய்து பார்த்தார். 2020-ல் வெளியான ஆய்வு. குலுக்கல் முறையில் சில அணிகளுக்கு முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார், மற்றவற்றுக்குக் கிறிஸ்தவர்களையே. கலந்து ஆடியவர்கள் பின்னாலும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சிக்கு வந்தார்கள், பரிசுக்கு வேற்று அணி முஸ்லிம் வீரருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசூலில் ஓர் உணவகத்துக்குப் போவது போன்ற, மைதானத்துக்கு வெளியே உள்ள விஷயங்களில் மாற்றம் தெரியவில்லை. நீங்கள் நடத்துவதானால் ஊருக்கு ஒரு அணி என்று பிரிக்காமல், ஒரே அணிக்குள் கலந்து போடுங்கள். கோப்பை முடிந்ததோடு விடாமல், ஆறு மாதம் கழித்து யார் யாரோடு பந்து தட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.