மணிக்கு 10 நிமிடம் – கடிதம்

வணக்கம் ஐயா,

அலாஸ்காவில் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து சால்மன் மீனை எண்ணுவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள் புலனத்தில் அனுப்பினாள். இங்கே பினாங்கில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் அந்த வேலைக்குப் போக வேண்டுமாம். வீட்டில் ஓயாமல் இதே பேச்சு.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மணிக்கு 10 நிமிடம் மட்டும் எண்ணி அதை ஆறால் பெருக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 50 நிமிடத்தில் போன மீனுக்கு யார் பொறுப்பு? கேமரா வைத்தால் முடிகிற காரியத்துக்கு ஒரு பெண்பிள்ளை ஏன் காட்டில் கூடாரம் போட்டுக் கிடக்க வேண்டும்? கரடி வேறு. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

ம.,
சுங்கை டுவா

அன்புள்ள ம.,

கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் கணக்கைப் பிடித்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லோரும் கரடியோடு நின்றுவிட்டார்கள்.

மாதிரி எடுத்துச் சோதிப்பது உங்களுக்குப் புதிதா என்ன? வருகிற சரக்கு முழுவதையும் நீங்கள் பிரித்துப் பார்ப்பதில்லையே. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் ஆறுகளிலும் அதைத்தான் செய்கிறார்கள், 1950களிலிருந்து. அங்கே முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவருவது பெரும்பாலும் சாக்கை (sockeye) என்கிற சால்மன் வகை. ஆற்றின் நடுவே நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல், வேகம் குறைந்த கரையோரமாகவே நீண்ட பட்டைபோல ஏறிவரும். அதனால் சாரம் கட்டியதுபோல் கரைக்கொரு கோபுரம். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் தெளிந்த நீராகப் பார்த்து இடம் பிடிப்பார்கள். ஆற்றின் அடியில் வெள்ளைத் தகடுகளைப் போட்டுவிட்டால், மேலே போகும் மீனின் முதுகு கறுப்பாக எடுத்துத் தெரியும். கண்கூச்சம் தடுக்கும் கண்ணாடி, கட்டைவிரலால் அழுத்துகிற எண்ணும் கருவி, இவ்வளவுதான் சாதனம். பகல் இரவு பாராமல் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொரு கரையிலும் 10 நிமிடம். கீழ்நோக்கித் திரும்பிப் போகிற மீனைக் கழிக்க வேண்டும். மீன் திமுதிமுவென்று ஒரு நொடி வந்து மறைவதில்லை, மணிக்கணக்கில் தொடர்ந்து ஏறுவதால் இந்த 10 நிமிட மாதிரியை நம்பலாம்.

ஆனால் உங்கள் தொழிற்சாலைக்கும் அந்தக் கோபுரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நீங்கள் கழித்த பொருள் மேசைமேல் கிடக்கும். மேலதிகாரி வந்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஆற்றில் போன மீனை யாரும் மறுபடி பார்க்க முடியாது. விடியற்காலை மூன்று மணி, மழை, தண்ணீர் முழுக்க நெளிவு, முந்தைய மணியில் 40 மீன். இந்த மணியிலும் 40 என்று எழுதிவிட்டு உறங்கப் போனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே படித்த காலத்தில் நானும் கோபுரம் ஏறியிருக்கிறேன், அந்த ஆசை வராத ஆளை நான் பார்த்ததில்லை. 10 மீன் கூட்டி எழுதினால் ஏட்டில் 60 கூடும். உங்கள் மகளைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. மீனே வராத மணிக்குப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த மணிக்கும் ஏறுகிற பிள்ளையா அவள்?

அந்த எண் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது புரியும். பசிபிக் சால்மன் ஒரு தடவைதான் முட்டையிடும், பிறகு செத்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆற்றிலும் வலைக்குத் தப்பி மேலே ஏற வேண்டிய மீன் இத்தனை என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விரிகுடாவில் விழும் குவிஜாக் ஆற்றுக்கு அது 2 மில்லியனிலிருந்து 10 மில்லியன் வரை. கோபுரத்து எண்கள் அன்றன்றைக்கே மாநில மீன்வள அலுவலகத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் நாளைக்கு எத்தனை மணிக்கு வலை இறக்கலாம், எப்போது எடுக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். 32 அடிக்கு மேல் நீளமில்லாத படகுகள் நூற்றுக்கணக்கில் அந்த அறிவிப்புக்காக எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவுக்குள் பெரும்பகுதி மீன் வந்து முடிந்துவிடும். 2022ல் அந்த விரிகுடாவுக்கு வந்த சாக்கை ஏறக்குறைய 79 மில்லியன், பிடித்தது 60 மில்லியன் அளவு. அவ்வளவையும் பிடித்த பிறகு ஆற்றில் விதைக்கு மீன் இருந்தது என்றால் அந்தக் கட்டைவிரல்களுக்கும் அதில் பங்கு உண்டு.

முன்கூட்டியே கணித்துவிட்டு வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்கு 2009ல் 10 மில்லியனுக்கு மேல் சாக்கை வரும் என்று கணித்தார்கள். வந்தது 1.5 மில்லியனை ஒட்டி. நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையமே வைத்தார்கள். அடுத்த ஆண்டே 30 மில்லியனை நெருங்கி வந்து குவிந்தது! கணிப்பு கணிப்புதான். வருகிறபோது எண்ணினால்தான் உண்டு.

கேமரா விஷயம். யூக்கோன் போன்ற கலங்கிய ஆறுகளில் கண்ணுக்கும் வேலையில்லை, கேமராவுக்கும் வேலையில்லை. அங்கே ஒலியலைக் கருவியை ஆற்றில் இறக்கியிருக்கிறார்கள். அதில் மீன் ஒரு நிழலாகத் தெரியும். அது சினூக் வகைச் சால்மனா, சம் வகையா என்று தெரிய யாராவது சோதனை வலை போட்டு இழுத்தாக வேண்டும். வேறு ஆறுகளில் குறுக்கே வேலி கட்டி, மீனைக் கூண்டில் விட்டு, நீளம் அளந்து, ஒரு செதிலை உருவிப் பசை அட்டையில் ஒட்டுவார்கள். செதிலில் உள்ள வளையங்கள், ஆற்றில் எத்தனை ஆண்டு, கடலில் எத்தனை ஆண்டு என்று சொல்லும். கொடியாக் தீவின் கார்லக் ஆற்றில் இப்படி வேலி கட்டி எண்ணுவது 1921லேயே தொடங்கிவிட்டது. யூக்கோனில் சினூக் அருகிப்போனதால், 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து அந்த மீனைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தின. குளிர்காலத்துக்கு மீன் உலர்த்தி வைக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கு அது பெரிய அடி. அவர்கள் முன்னால் போய் நிற்கும்போது கையிலுள்ள எண்ணை நம்ப முடிய வேண்டாமா? 

கரடி உண்டு. முகாமைச் சுற்றி மின்கம்பி வேலி, இடுப்பில் மிளகாய்த் தெளிப்பான், தனியாக நடப்பதில்லை, புதருக்குள் போனால் சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும், சாப்பாட்டுப் பொருள் ஒரு துணுக்குக்கூடக் கூடாரத்துக்குள் கூடாது. மகள் இங்கிருந்து நெத்திலிச் சம்பல் எடுத்துப்போனால் அதற்கும் இதே சட்டம்தான். எனக்கு என்றைக்கும் பயம் குளிர்ந்த தண்ணீர்தான். இடுப்புவரை ஆற்றில் இறங்குகிறவர்கள், சிறு படகில் போகிறவர்கள் கால் தவறினால் உடம்பு விறைக்க அதிக நேரம் பிடிக்காது. போகிற எவரும் அதற்கான பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டும். கொசுவைப் பற்றி எழுதினால் மகள் மனம் மாறிவிடுவாள், விட்டுவிடுகிறேன்.

இனி நடைமுறை. அந்த மாநிலத் துறையின் பருவகால வேலைகளுக்கு அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேண்டும். மலேசியக் கடப்பிதழோடு நேரே போய்ச் சேருவது கடினம். ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மீன்வள முதுகலைக்குச் சேர்ந்தால், கோடையில் ஆய்வுக்காக ஆற்றங்கரைக்குப் போகிற வழி உண்டு. பேராசிரியருக்கு முதலில் கடிதம் எழுத வேண்டும், விண்ணப்பம் அப்புறம்.

அதற்கு முன்னால் பினாங்கிலேயே உள்ள பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகச் சொல்லுங்கள். அங்குள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையத்திலும் மூக்கா ஹெட்டில் இருக்கும் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு மையத்திலும் உதவிக்கு ஆள் எடுப்பார்களா என்று அவளே கேட்கட்டும். இரவெல்லாம் விழித்திருந்தும் ஆமை கரையேறாத நாட்கள் நிறைய இருக்கும். அவள் எழுதும் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.